எல்லாம் தெரிகிற தூண்டில்

"ஏங்க, உங்க தூண்டில் ஆடுது."

லிஃப்ட் மெக்கானிக் பதறிப்போய் இழுத்தார். முள்ளில் குத்திய புழு குத்தியபடியே நெளிந்துகொண்டிருந்தது. மீனின் பல் பட்ட அடையாளம்கூட இல்லை.

"போச்சா?" என்றார் இரண்டு பாறை தள்ளி உட்கார்ந்திருந்த பல்செட் அம்மா.

"போச்சுங்க. நான் இழுக்கறதுக்குள்ள ஓடிருச்சு."

"அடடா. பெரிய மீனாத்தான் இருந்திருக்கும்."

ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே கதைதான். அந்த அம்மாள் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்பவர். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஓடிப்போன மீனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். பேச்சு அங்கிருந்து லிஃப்டில் மாட்டிக்கொண்டு கதவை உதைத்த வக்கீலுக்குப் போகும், பல்செட்டை நாய்க்குப் பறிகொடுத்த தாத்தாவுக்குப் போகும், சிரிப்பில் முடியும். அப்புறம் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள், மறுபடி தூண்டில் ஆடும் வரை.

மெக்கானிக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெறுங்கையோடு எப்படிக் கேட்பது? "இந்தாங்க, நீங்க காட்டிக் குடுத்த மீன்" என்று ஒன்றை நீட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு கேட்டுவிடலாம் என்றிருந்தார். மீனோ வருவதாக இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர் தூண்டில் மேல் பழியைப் போட்டார். அந்த அம்மாளுக்கு அங்கிருந்தே ஆட்டம் தெரிகிறது, கையில் பிடித்திருக்கிற தனக்குத் தெரியவில்லை என்றால் கம்பு மட்டமான கம்பு என்றுதானே அர்த்தம்?

தூண்டில் கடைக்காரர் கறுப்பாக, மெல்லிசாக ஒரு கம்பை எடுத்துக் கொடுத்தார்.

"மீன் பக்கத்துல வந்து மூச்சு விட்டாலே கையில தெரியும் சார்."

"மீன் மூச்சு விடுமா?"

"இந்தக் கம்புல விடும் சார்."

விலையைக் கேட்டதும் மெக்கானிக்கின் மூச்சுதான் நின்றது. ஸ்கூட்டருக்காகச் சேர்த்த பணம் தூண்டிலாக மாறி வீட்டுக்கு வந்தது.

"மீன் மார்க்கெட் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடிதானடா இருக்கு?" என்றார் அக்கா.

"அது வேற மீனுக்கா."

"வேற மீன்னா? சமைச்சே வருமா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"ஏங்க, ஆடுது."

"இல்லங்க," என்றார் மெக்கானிக் பெருமையாக. "ஆடியிருந்தா இதுல தெரிஞ்சிருக்கும்."

"அப்படியா?"

கொஞ்ச நேரம் போயிற்று.

"இப்ப ஆடின மாதிரி இருந்துச்சு..."

"காத்துங்க. மீன் தொட்டா சுரீர்னு கைக்கு வந்துரும். இது கார்பன்."

கார்பனைப் பற்றி வெகுநேரம் விளக்கினார். அந்த அம்மாள் தன் மூங்கில் கம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு தூண்டில் ஆடுவதாக அவர் சொல்லவே இல்லை. கார்பன் கம்பு மட்டும் ஓயவில்லை. பாசி உரசியது தெரிந்தது, கல் தட்டியது தெரிந்தது, படகு போனதுகூடத் தெரிந்தது. மெக்கானிக் எல்லாவற்றையும் மீன் என்று நம்பி இழுத்து ஓய்ந்தார்.

அடுத்த வாரமும் பேச்சில்லை. 'பாவம், இவ்வளவு உசத்தியான கம்பைப் பாத்து மனசு வாடிப்போச்சு' என்று முடிவுகட்டினார். அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது.

"நீங்களும் பிடிச்சுப் பாருங்களேன்."

அந்த அம்மாள் வாங்கிப் பிடித்தார். "நெஜமாவே எல்லாம் தெரியுதா?"

"எல்லாமே. இனிமே நீங்க எனக்காகப் பாத்துப் பாத்துச் சொல்ல வேண்டியதே இல்ல. உங்களுக்கும் தொல்லை விட்டுச்சு."

"அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்று கம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் எதிர்க்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக்குக் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று. விலகிப் போனவரைத் துரத்திக்கொண்டு போவது மரியாதையா என்று தயங்கித் தயங்கியே வாரங்கள் போயின. லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பி வடங்களுக்கு எண்ணெய் போடும்போது வடம் லேசாக ஆடும். ஏங்க, ஆடுது என்று யாரோ சொன்ன மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் இருட்டுச் சுவர். அந்த ஒரு குரலுக்காக அவர் ஏங்கிப்போனார். மீன் இல்லாத அந்தப் பழைய ஞாயிறுகளில்தான் சந்தோஷமாக இருந்தோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

இந்த நேரம் பார்த்து மீன் மாட்டியது. கம்பு வளைந்து, நூல் இறுகி, முழங்கை நீளத்தில் வெள்ளியாய்த் துள்ளிக்கொண்டு வந்தது. மெக்கானிக் பாறைமேல் ஏறி நின்றார். எதிர்க்கரையைப் பார்த்து மீனைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். இன்னொரு கையையும் ஆட்டினார். கத்திக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது.

அந்த அம்மாள் நேராக அவர் பக்கம்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு தலையசைப்பு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மெக்கானிக் மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. கம்பைத் தூக்கிக்கொண்டு, ஏரி வாசலில் புழு விற்பவரிடம் போனார்.

"இந்தாங்க, இதை நீங்களே வச்சுக்குங்க. இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன்."

"ஏன் சார்? இவ்வளவு நல்ல கம்பு."

"கம்புல குறையில்ல. அவங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கல. மீனைத் தூக்கிக் காட்டினேன், நேரா பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க."

"யாரு, பல்செட் அம்மாவா?"

"அவங்கதான். பாக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்க கண்ணு எவ்வளவு கூர்மைன்னு எனக்குத் தெரியும். என் தூண்டில் நுனி இம்மி அசைஞ்சாலும் ரெண்டு பாறைக்கு அந்தப் பக்கத்துலேருந்து சொல்லுவாங்க."

புழுக்காரர் டப்பாவை மூடி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவங்களுக்கா? நாலடி தள்ளி யானை நின்னாலும் தெரியாதே சார்! நீங்க எந்தப் பாறையில உட்காந்திருக்கீங்கன்னு என்னைக் கேட்டுட்டுத்தான் வாரா வாரம் உள்ளேயே போவாங்க, இன்னிக்குக் காலையிலகூடக் கேட்டாங்க."