முன்னாடி என்றால் எந்தப் பக்கம்?

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, அக்காவின் ஒரே தம்பி தலையைக் குனிந்தபடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டாரும் நலம், உங்கள் லாரி நலமில்லை. உங்கள் கால் கட்டைப் பிரித்துவிட்டார்களா, மகள் வீட்டு மாடிப்படி ஏற முடிகிறதா, அக்கா உங்களை நடக்க விடுகிறாளா என்றெல்லாம் அறிய ஆவல். அதைவிடப் பெரிய ஆவல், லாரியை விலை பேசுகிற அந்த மரக்கடைக்காரருக்கு நீங்கள் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை என்று அறிவதுதான். கொடுத்துவிடாதீர்கள் அத்தான். ஏன் என்று போனிலேயே சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் "சொல்லு மச்சான்" என்றதும், அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஸ்கூட்டர் ரிப்பேர் பார்க்கிற இவன் லாரிக்கு டைமிங் செயின் மாற்றலாமா என்று அக்கா கேட்டபோது, என் மச்சான் பார்த்துக்கொள்வான் என்றீர்கள். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னைப் பற்றி உங்கள் வாயால் வந்த முதல் நல்ல வார்த்தை. அந்தத் தெம்பில் செயினை ஒழுங்காகவே மாட்டினேன். முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பல்சக்கரங்களில் இருக்கிற அடையாளக் கோடுகளை நேருக்கு நேர் நிறுத்தி, கையாலேயே சுற்றிப் பார்த்து, அதில் ஒரு குறை சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது பம்ப் டைமிங் மட்டும்தான். அதாவது, டீசல் பம்ப்பை இருந்த இடத்திலேயே இப்படியோ அப்படியோ ஒரு நூல் திருப்பி, சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சுகிற நேரத்தைச் சரிபண்ணுவது. உங்களுக்கே விளக்கம் சொல்கிறேன் பாருங்கள், இந்தக் கொழுப்பு இன்னும் அடங்கவில்லை.

ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வந்தது, இழுவையும் இல்லை. போனை எஞ்சின் பக்கம் நீட்டினேன். கேட்டுவிட்டு, கொஞ்சம் முன்னாடி வை என்றீர்கள். நான் வண்டிக்குப் பக்கவாட்டில் நிற்கிறேன், எனக்கு முன்னாடி இருப்பது எஞ்சின், சரி என்று போல்ட்டைத் தளர்த்தி பம்ப்பை எஞ்சின் பக்கம் ஒரு தள்ளு தள்ளினேன். புகை கூடியது. இன்னும் முன்னாடி என்றீர்கள், இன்னும் தள்ளினேன், என் ரிப்பேர் ஷெட்டுக்குள் என் கையே எனக்குத் தெரியவில்லை, புகை சுவரைத் தாண்டிப் பக்கத்துச் சலவைக் கடைக்குள் போய், யாரோ ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டுகள் அத்தனையிலும் டீசல் நாற்றம் ஏற, சலவைக்காரர் தீயணைப்புக்குப் போன் போட, அவர்கள் மணியடித்துக்கொண்டு வந்து இறங்கி நெருப்பு எங்கே என்று கேட்க, நான் பம்ப்பைக் காட்ட, ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த நேரம் பார்த்து, எந்தப் பக்கம் திருப்பினாய் என்று போனில் கேட்டீர்கள்.

"நீங்க சொன்ன பக்கம்தான். உங்க காதுல என்ன விழுதோ, எனக்கென்ன தெரியும்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "எனக்குத்தான் காது மழுங்கிப்போச்சுபோல மச்சான். எஞ்சின் சத்தம் புரியாதவனுக்கு லாரி எதுக்கு? வித்துடலாம்."

நான் மறுத்து ஒரு வார்த்தை பேசினேனா? உம் கொட்டினேன் அத்தான். உம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட உட்கார்ந்தேன். அப்போது உங்கள் தங்கச்சி முறைக்காரி, என் வீட்டுக்காரி, என் வயிற்றெரிச்சல் மாத்திரையைக் கையில் கொடுத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள். மாத்திரையைத் தட்டுக்கு எதிரே வைக்கச் சொல்கிறாளா என்ன? விழுங்கச் சொல்கிறாள், சீக்கிரமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் முன்னாடி என்றது நேரத்தை. டீசல் சீக்கிரம் பீய்ச்சவேண்டும் என்கிறீர்கள். அதற்குப் பம்ப்பை என் பக்கம் இழுத்திருக்கவேண்டும். நானோ தள்ளத் தள்ள இன்னும் தாமதமாக்கிக்கொண்டே போயிருக்கிறேன். உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை. போனில் கேட்டே சரியாகச் சொன்ன காது அது. கோளாறு பிடித்தது என் புத்தி. அது தெரிந்த பிறகும் சொல்லாமல் இத்தனை நாள் உங்களை அந்த நினைப்போடு படுக்கவிட்டேனே, அதை நினைத்தால் அக்கா முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே லாரியை விற்கவேண்டாம். கால் குணமானதும் நீங்களே வந்து பம்ப்பை வையுங்கள். நான் இனி இந்த வண்டியைத் தொடமாட்டேன், இது சத்தியம். அக்காவுக்கு என் அன்பு, மருமகளுக்கு ஆசிகள், சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கம். புகை விஷயம் அவர்களுக்குத் தெரியவேண்டாம்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: இதைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று பஸ் நிலையத்துக்குப் போனால், அதே பஸ்ஸிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு நீங்கள் இறங்குகிறீர்கள். விற்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றீர்கள். கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது, வாய்தான் திறக்கவில்லை. இப்போது நீங்கள் ஷெட்டுக்கு எதிர்க்கடையில் டீ குடிக்கிறீர்கள். இதைப் பம்ப் மேல் வைத்துவிட்டு நான் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். படித்த பிறகும் விற்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுங்கள், நான் வெளியே வரமாட்டேன். விற்கவில்லை என்றால், மேலே செய்த சத்தியத்தைக் கண்டுகொள்ளாமல், பம்ப் போல்ட்டைத் தளர்த்த பெஞ்சில் இருக்கிற பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைக் கீழே நீட்டுங்கள். எனக்கு அங்கிருந்து எட்டாது.