தொப்பூர் இறக்கத்தில் ஊமையான கார்

ஒரு லாரி எழுப்புகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். கிளட்ச் பிளேட்டு கத்துகிறதா, கியர் பாக்ஸ் முனகுகிறதா, பெல்ட் சிணுங்குகிறதா என்பதெல்லாம் வண்டி நூறு அடி தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரியும். மெக்கானிக் படிப்பு படித்தவர்கள்கூட என் எதிரில் வாயைத் திறக்க யோசிப்பார்கள். ஆனால் வருகிற சத்தம் வராமல் போனால் எனக்கு ஒன்றும் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள அறுபத்து மூன்று வயது ஆனது. நானாகவும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். (தெரியாதவர்கள் குறைவு, இருந்தாலும்.) ஏரியூர்ப் பக்கம் பிறந்தவன். ஐந்தாம் வகுப்பை முடிக்காமலே லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு டிரைவர் ஆனேன். இன்றைக்குத் தருமபுரி பைபாஸ் ஓரம் ஆறு லாரிகள் என் பேரில் நிற்கின்றன. கை தூக்கிவிட ஒரு ஆள் கிடையாது. எல்லாம் இந்தக் கை, இந்தக் காது, இந்த வாய். வாய் கொஞ்சம் அதிகம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சொந்தத்துக்கு ஒரு கார் வாங்கினேன். அதற்குச் சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை. அப்போது வாய் கொடுத்தவர் என் சம்மந்தி வாத்தியார். என் மகள் செல்வியின் மாமனார். கம்பைநல்லூர்க்காரர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். (இந்த மாதிரி ஆட்களோடு எனக்கு ஆகாது. கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம். கத்தாதவனை என்ன செய்வது?) அவரிடம் படித்த ஜாபர் பாய் என்பவர் தருமபுரியில் கார் ஆடியோ கடை வைத்திருப்பதாகவும், வேலை சுத்தமாக இருக்கும் என்றும் சொன்னார்.

சுத்தமாகத்தான் இருந்தது. நாலு கதவிலும் ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, டிக்கியில் ஒரு பெரிய பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் சத்தம் அனுப்புகிற ஆம்ப் என் சீட்டுக்கு அடியில். பாட்டுப் போட்டால் திருவிழாவில் மேளக்காரர்களுக்கு நடுவே நின்ற மாதிரி இருந்தது. தவில் இடது காதில், நாதஸ்வரம் பிடரியில். பெட்ரோல் பங்கில் நின்றால்கூடக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் நிற்பேன். கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் மாடு குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன், பாட்டு நின்றது. மாடு போய்விட்டது, பாட்டு வரவில்லை. டேஷ்போர்டில் இருக்கிற செட்டில் விளக்கு எரிகிறது, எண்கள் ஓடுகின்றன, சத்தம் மட்டும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டேஷ்போர்டை ஒரு அடி அடித்து, வாயில் வந்ததைச் சொல்லித் திட்டி, ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தேன். வந்துவிட்டது.

அன்றிலிருந்து இதே கதைதான். திடீரென்று ஊமையாகும். திட்டி மிதித்தால் பேசும். அந்த செட் எனக்குப் பயப்படுகிறது என்றே நம்பினேன். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியும் இருக்கிறேன். "பாத்தியா, ஒரு அதட்டல்தான்" என்பேன். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். (என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன செய்வார்கள்?) என் மனைவி பச்சையம்மாள் எலுமிச்சம்பழம் சுற்றி முச்சந்தியில் நசுக்கினாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் தடுக்கவில்லை.

ஆனால் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அடிவாரம் வரைக்கும் ஊமையாகவே வந்தது. திட்டலாம், மிதிக்க முடியாது. அந்த இறக்கத்தில் மிதித்தவர்கள் கதையை முப்பது வருடமாகப் பார்த்தவன் நான். சேலம் போய்ச் சேர்வதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது.

பாய் கடைக்கு மூன்று தடவை போனேன். போலீஸ் ஸ்டேஷனில்கூட என்னை அத்தனை கேள்வி கேட்டதில்லை. பென் டிரைவில் நிற்கிறதா, ரேடியோவிலும் நிற்கிறதா? எல்லா ஸ்பீக்கரும் போகிறதா, பின்னால் மட்டுமா? வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா? செட்டில் விளக்கு எரிகிறதா? எனக்குப் பாட்டு வேண்டும், இவர் பரீட்சை வைக்கிறார். ஒவ்வொரு தடவையும் நாள் முழுக்க வைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். பியூஸ் மாற்றினார், ஒயர் மாற்றினார், எர்த்தைப் பிரித்து மறுபடி முறுக்கினார், ஆம்பையே வேறு மாட்டினார். தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார், பிரேக் அடித்துப் பார்த்தார். நிற்கவே இல்லை. சாவியைக் கொடுக்கும்போது, "இங்க நல்லாத்தான் பாடுதுங்கண்ணா" என்பார். வீட்டுக்கு வந்து மறுநாள் வண்டியை எடுத்தால் ஊமை.

மூன்றாம் தடவை கடையில் ஆட்கள் இருந்தார்கள். அதுதான் வசதி என்று நினைத்துக் கத்தினேன். டூப்ளிகேட் மாட்டிவிட்டாய், படிக்காதவன் என்று ஏமாற்றுகிறாய் என்றேன். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். அது போதாது என்று அங்கிருந்தபடியே சம்மந்திக்குப் போன் போட்டேன். உங்கள் மாணவன் திருடன், இதில் உங்களுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதுவும் ஊமை.

செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். கம்பைநல்லூரில் வளைகாப்பு முடித்து, தலைப் பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பச்சையம்மாள் அறையை வெள்ளையடித்துத் தொட்டில் கட்டக் கொக்கிகூட மாட்டிவிட்டாள். மூன்றாம் நாள் மகள் போனில் பேசினாள். பச்சையம்மாள் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, எங்க மாமா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. முப்பது வருசம் வாத்தியாரா இருந்தவரப் போயி பங்கு வாங்கினியான்னு கேட்டுட்டீங்க. இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க. இல்லன்னா அந்தக் கார்ல நான் ஏற மாட்டேன். பிரசவத்த இங்கியே பாத்துக்கறேன்."

தலைப் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வரவில்லை என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்குப் பச்சையம்மாள் வைத்த குழம்பில் உப்பு இல்லை. கேட்காமல் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் கேட்காமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

சரி, பாயும் வாத்தியாரும் என் வீட்டுக்கு வரட்டும், ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். காலையிலேயே வந்துவிட்டார்கள். வாசலில் நின்று, நாலு பேர் கேட்க நிபந்தனை வைத்தேன். தப்பு பாய் மேல் என்றால் இரண்டு பேரும் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் மேல் என்றால் அதே கடைக்குப் போய், அதே மாதிரி ஆட்கள் இருக்கும்போது நான் கேட்கிறேன். தாராளமாகச் சொன்னேன். நடக்காத காரியத்துக்குத் தாராளம் காட்டுவதில் என்ன கஷ்டம்?

பாய் என் பக்கத்தில், வாத்தியார் எனக்குப் பின்னால். தொப்பூர் வரை பாட்டு விட்டு விட்டு வந்தது, இறக்கத்தில் நின்றே போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்ப என்னா சொல்றீங்க?" என்று கேட்டபடியே அடிவாரம் வரை இறங்கினேன். பாய் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கீழே திரும்பி மேட்டில் ஏறினேன். பாட்டு வந்தது. அதே நேரம் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"சம்மந்தி, என் கால்ல என்னமோ வந்து இடிக்குதுங்க."

காலை மடக்கி உட்காருங்கள் என்றேன். பாய் மட்டும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கி வந்து, பின் கதவைத் திறந்து, மண்டியிட்டு, என் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். வெளியே எடுத்தது ஒன்றரை அடி இரும்பு ராடு. லாரி ஜாக்கிக்குப் போடுகிற ராடு.

"இது உங்களுதுங்களா?"

என்னுடையது இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீயே வைத்துவிட்டு நீயே எடுக்கிறாயா என்று அடுத்த வரியும் தயார். அதற்குள் வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ராடில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்ததை வகுப்பில் வாசிப்பது போல எழுத்து எழுத்தாக வாசித்தார். என் பெயர், என் இனிஷியல், என் முதல் லாரியின் நம்பர். பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு வேறு.

அந்த ராடு சீட்டுக்கு அடியில் இல்லாமல் எனக்கு ஓட்ட வராது. முப்பது வருடப் பழக்கம். செட் மாட்டி ஒரு மாதம் அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன், சரிவராமல் அதை உள்ளே போட்டேன். வண்டி இறங்கினாலும் பிரேக் போட்டாலும் அது முன்னால் உருண்டு ஆம்பின் ஒயரில் இடித்து நெம்பும். ஏறினாலும் மிதித்தாலும் பின்னால் உருண்டு விலகும். திட்டியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உருளுகிற சத்தம் காதில் விழவில்லையா என்று கேட்பீர்கள். முப்பது வருடம் லாரியில் கேட்ட சத்தம், என் காதுக்கு அது சத்தமே இல்லை.

பாய் ஒரு கேள்விதான் கேட்டார். கடைக்கு வந்தபோது இது உள்ளே இல்லையே என்றார். எப்படி இருக்கும்? பட்டறையில் வண்டியை விடுவதற்கு முன் ஜாமான்களை எடுத்து வீட்டில் வைப்பது லாரிக்காரன் புத்தி. பாய் திருடிவிடுவார் என்று மூன்று தடவையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். இதை நான் சொல்லவில்லை. நான் சொல்லாததிலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பாய் ராடைக் கையில் வைத்துக்கொண்டு கணவாயைத் திரும்பிப் பார்த்தார்.

"பாட்டு நின்னது போவட்டுங்கண்ணா. ஆம்ப் குறுக்க நின்னு தடுத்துட்டிருக்குது. இல்லன்னா இது உருண்டு பிரேக்குக்கு அடியில போயி மாட்டியிருக்கும். இந்த எறக்கத்துல."

திட்டுவதற்கு ஆள் தேடினேன். ஒருவரும் இல்லை. இன்னும் ஆறு நாளில் வயிற்றுப்பிள்ளைக்காரி மகளை ஏற்றிக்கொண்டு வரப் போகிற வண்டி அது. வீடு வரைக்கும் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான், அவனையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன், எந்தக் குரலில் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே குரலில் கேட்டேன். "தப்பு என்னுதுதான் பாய். மூணு தடவ வந்து கத்துனதும் தப்பு, வாத்தியாரச் சொன்னதும் தப்பு. இப்ப என்னாங்கற?" தெருவே கூடிவிட்டது. நான் மறுபடி சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்துப் பக்கத்துப் பழக்கடைக்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். பாய்தான் அவரைத் தடுத்து, அண்ணன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று விளக்கம் சொல்லி, எனக்கு ஸ்டூல் போட்டு டீ வாங்கி வரச் சொன்னார். வாத்தியாரிடம் போனில் கேட்டேன். காதிலிருந்து போனைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் கேட்டாராம். செல்வி சொன்னாள்.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. இரண்டு கை நிறைய வளையலோடு செல்வி கார் கதவருகே வந்தாள். வழியனுப்ப இரு வீட்டு சனமும் நிற்கிறது. ஏறாமல் நின்றவள், எல்லார் எதிரிலும் தன் வீட்டுக்காரரிடம், "முன் சீட்டுக்கு அடியில கொஞ்சம் பாருங்க" என்றாள். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு தரையில் முட்டி போட்டு, கையை விட்டுத் துழாவி, "ஒன்னுமில்ல, ஏறு" என்றார். கூட்டத்தில் முதலில் சிரித்தது பச்சையம்மாள். அதை நான் மறக்கவில்லை.

அன்றோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்றுவரை என் குடும்பத்தில் ஒருவரும் குனிந்து பார்க்காமல் அந்தக் காரில் ஏறுவதில்லை. முதுகுவலிக்காரர் வாத்தியார்கூடக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். பேத்திக்கு ஒன்றரை வயது. கார் கதவைத் திறந்தாலே தரையில் குப்புறப் படுத்துக்கொள்கிறாள், காரில் ஏறுவது என்றால் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு லாரிக்காரனைப் பார்த்துச் செய்கிற காரியமா இது?

நான் குனிவதில்லை. குனிய மாட்டேன். வாசலில் யாராவது நின்றால், அவர்கள் உள்ளே போகும் வரைக்கும் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன். அதன் பிறகு பார்ப்பது வேறு விஷயம்.