உடும்பு ஏற்றிய பழைய நகல்

ஒரு காட்டில் நெட்வொர்க் இருந்தது. நாற்பது மரங்களில் நாற்பது சிக்னல் பெட்டிகள். விலங்குகள் எல்லாவற்றுக்கும் கழுத்தில் பட்டை. யார் எங்கே மேய்கிறார்கள் என்பது அரண்மனைக் குகையின் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். பக்கத்திலேயே ‘இன்றைய சாப்பாடு’ என்றொரு பட்டியல். சிங்கராஜா அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். அவர் ஓடுவதை விட்டு நாலு வருஷமாயிற்று.

இத்தனையையும் நடத்திய மென்பொருளைப் பார்த்துக்கொண்டது தங்கபுஷ்பம் என்ற உடும்பு. வெள்ளிக்கிழமை தவறாமல் தரவுத்தளத்தை நகலெடுக்கும். எடுத்ததோடு விடாது, வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, திறக்கிறதா என்றும் பார்த்துவிடும்.

ஒரு நாள் புதிய பதிப்பு வந்தது. அதில் புள்ளிக்குப் பதிலாக விலங்கின் முகமே தெரியுமாம். மந்திரி நரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஒரு மணி நேரம் குடுங்க ஐயா, நகல் எடுத்துக்கறேன்” என்றது தங்கபுஷ்பம்.

“போன வாரம்தானே எடுத்தே? கெட்டுப்போகும்னு நெனச்சா கெட்டுத்தான் போகும்” என்ற நரி, தானே பொத்தானை அமுக்கியது.

திரை கறுத்தது. நரியின் குரல் இறங்கியது. “ராஜா பசியோட இருக்கார். ஏதாவது செய் தாயி!”

“புதுப் பதிப்புல பழைய நகல் ஏறாதுங்க. முதல்ல பழைய பதிப்பையே திரும்பப் போடணும். அப்புறம்தான் தரவு.”

நரி ராஜாவைச் சமாதானப்படுத்த ஓடியது. பழைய பதிப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு புள்ளிமான் வந்து வாசலில் நின்றது. பின்னால் அதன் குட்டி; பட்டை கழுத்தில் தொளதொளவென்று தொங்கியது.

“அக்கா, இன்னிக்குப் பட்டியல்ல இவ பேரு இருந்துச்சு. திரையை அப்படியே விட்டுரக் கூடாதா?”

“விட்டா என் தோலை உரிச்சிருவாங்கம்மா.”

குட்டி ஒரு வயரை நக்கிப் பார்த்தது.

தங்கபுஷ்பம் அலமாரியைத் திறந்தது. முன்வரிசையில் போன வெள்ளிக்கிழமை நகல், ஒரு குறை சொல்ல முடியாதது. கை அதன்மேல்தான் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கடைசி வரிசைக்கு நகர்ந்து, நாலு வருஷத்துக்கு முன்பு எடுத்த முதல் நகலை உருவியது.

“நீ பொறந்து எத்தனை வருஷம்மா?”

“ரெண்டுக்கா.”

“அப்ப இதுல நீயே இல்ல. போ, புள்ளயக் கூட்டிட்டுப் போ.”

திரை ஒளிர்ந்ததும் ராஜா வந்து உட்கார்ந்தார். பட்டியலில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். எல்லாம் அவர் என்றைக்கோ சாப்பிட்டு முடித்தவர்கள். ஒன்றே ஒன்று மட்டும் பச்சை. அதுவும் மிகப் பக்கத்தில்.

“பாத்தீங்களா ராஜா, எப்படிச் சரிபண்ண வெச்சேன்!” என்றது நரி.

ராஜா பட்டியலைப் படித்தார். நரியைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் படித்தார். நாலு வருஷத்துக்கு முன்பு நரி மந்திரியாகியிருக்கவில்லை.

“இன்னிக்கு உன் முறைன்னு போட்டிருக்கே?”

“ஐயோ, அது பழைய தரவு ராஜா!”

ராஜா உடும்பிடம் திரும்பினார். “ஏம்மா, தப்பா ஏத்திட்டியா?”

“மூணு தடவை சரிபாத்தேன் ராஜா. நகல்ல இருக்கறது ஒரு எழுத்துப் பிசகாம ஏறியிருக்கு.”

அடுத்த நொடி பச்சைப் புள்ளி குகையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, நாற்பதாவது பெட்டிக்கும் அப்பால் மறைந்தது. துரத்திய ராஜா பத்தாவது மரத்தடியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். எதிரில் அந்த மான்குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. ராஜா அதைப் பார்த்தார். திரையில் இல்லாததை எப்படிச் சாப்பிடுவது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

நீதி: நகல் எடுக்க ஒரு மணி நேரம் கேட்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எந்த நகலில் நீங்கள் யாராக இருக்கிறீர்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.