சாய மாஸ்டரின் மிளகாய்க் காடு

களைக்கொல்லி அடித்ததில், புல் வாடுவதற்கு முன்பே மிளகாய் இலைகள் சுருண்டுவிட்டன. குண்டடத்துக் காட்டில் குத்தவைத்து உட்கார்ந்த ரத்தினசாமி ஒவ்வொரு இலையாக நீவிப் பார்த்தார். துணியாக இருந்தால் இஸ்திரி போட்டிருப்பார்.

திருப்பூரில் அவர் டையிங் மாஸ்டர். ஒரு கலர் முடிந்து அடுத்த கலர் ஏற்றுவதற்குள் "மெஷினைக் கழுவுனயா?" என்று நாலு முறை கேட்கிற மனிதர். கறுப்பு ஓட்டிய மெஷினைக் கழுவாமல் வெள்ளைத் துணியை ஏற்றிய ராபினைப் போன மாதம்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

சாய நாற்றத்திலிருந்து தப்பிக்க அவருக்கு இருந்தது இந்தக் காடு ஒன்றுதான். அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. மனைவி சின்னாத்தாள் உடுமலைக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்.

"மிளகாய்க்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இனிக் காட்டை நானே பாத்துக்கறேனுங்க. நீங்க இந்தப் பக்கமே வரவேண்டாம்."

மருந்துக்கடை ஆத்தப்பனுக்குப் போன் போட்டார்.

"புல்லு மட்டுந்தான் சாகும்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க மாஸ்டர். மக்காச்சோளத்துக்கு அடிக்கறதுதான் மிளகாய்க்கு எமன். இது ஒண்ணும் பண்ணாதுங்க. இலைப்பேன் உழுந்திருக்கும், வேற மருந்து தர்றேன்."

லீவு போட்டு அடித்தார். நன்றாக இருந்த வரிசைகளும் சுருண்டன.

"சத்துக் குறைச்சலா இருக்குமுங்க. டானிக் அடிங்க."

டானிக்கையும் அதே முதுகு டேங்க்கில் ஊற்றி, ஒரு செடி விடாமல் அடித்தார். மிளகாய் கூனிக் குறுகிவிட்டது. பக்கத்தில் சின்னாத்தாளின் மக்காச்சோளம் மட்டும் ஒரு களையில்லாமல் ஜோராக நின்றது. அதைப் பார்க்கவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை சின்னாத்தாள் வந்துவிட்டாள். களை எடுக்கிற முத்துப்பேச்சியும் கூடவே வந்தாள்.

"தப்பு எம்மேலதான்" என்றார் ரத்தினசாமி.

சின்னாத்தாள் திட்டவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"சரி உடுங்க. மோட்டார் ரூம் சாவியக் குடுங்க."

கொடுத்தார். அழுகையே வந்துவிட்டது. சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டேங்க்கைத் திறந்து மோந்து பார்த்த முத்துப்பேச்சி நிமிர்ந்தாள்.

"ஏக்கா, ஊருக்குப் போற அன்னைக்கு மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சிட்டு, டேங்கக் கழுவாம வைக்கீகளேன்னு கேட்டதுக்கு, 'எங்கூட்டுக்காரரு கழுவாம எதையும் தொடமாட்டாரு'ன்னுல்ல சொன்னீக?"