பிரஷர் சார் பில் போட்ட நாள்

தி.நகரிலேயே அடுத்தவர் சண்டையால் உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் பிரஷர் சார்தான். நாங்கள் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் மாடியில் அவர் கணக்கர். ரத்தக் கொதிப்புக்காரர். கூட்டம் ஆகாது என்று கீழே இறங்கவே மாட்டார். ஆனால் எங்காவது குரல் உயர்ந்தால் போதும், டிராயரிலிருந்து பிபி மிஷினை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒருநாள் கடை வாசலில் ஓர் ஆட்டோக்காரரும் வேன்காரரும் கட்டிப் புரளாத குறை. சார் நடுவே புகுந்து ஆட்டோக்காரர் கையில் பட்டையைச் சுற்றினார்.

“இன்னா சார், சட்டைக்கு அளவு எடுக்கிறியா?”

“பேசாம உக்காருப்பா. பேசினா தப்பாக் காட்டும்.”

ஏகத்துக்கு ஏறியிருந்தது. டீ வாங்கிக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். இறங்கிவிட்டது. சண்டையே போடாத சாருக்கு ஏறியதுதான் சாயங்காலம் வரை இறங்கவில்லை.

“பாத்தியா? டென்ஷன் அவனுக்கு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போயிடுது. எனக்குக் குடித்தனமே வந்துடுது” என்றார் என்னிடம்.

தீபாவளி நெரிசலில், வரிசை நகரவில்லை என்று ஒருவர் பில் போடும் கஸ்தூரி மேல் புடவைப் பையை வீசினார். அவளுக்குக் கோபமே வராது. அன்றும் சிரித்தாள். சார் விடவில்லை. பட்டையைக் கட்டிப் பார்த்தார். அதிகம்.

“இந்தக் கூட்டத்துல யாருக்கு சார் ஏறாது?”

“ஏறட்டும்மா. இறங்குதான்னு பாப்போம்.”

சாப்பிட்டு ஓய்வாக உட்கார்ந்த பிறகும் இறங்கவில்லை. மறுநாள் காலை, கடை திறக்குமுன், ஈ காக்கை இல்லாத நேரத்திலும் அதே கதை. சார் நேரே முதலாளியிடம் போனார்.

“அண்ணாச்சி, கஸ்தூரி இப்பவே டாக்டரைப் பாக்கணும்.”

“தீவாளி முடியட்டும்யா. பில்லு யாரு போடுவா, நீரா?”

“நான்தான்.”

அண்ணாச்சி தன் காரிலேயே அவளை அனுப்பினார். அவளுக்கும் ரத்தக் கொதிப்புதான். எத்தனை காலமாகவோ, அவளுக்கே தெரியாது. நல்லவேளை இப்போதாவது வந்தீர்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இங்கே சார், கடை நிறைந்த கூட்டத்தின் நடுவே, தப்பும் தவறுமாக பில் போட்டு, எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோனபோது முகம் சிவந்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சா?” என்றார்.

பண்ணினாள், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள் என்றேன். அதன் பிறகுதான் டீயைக் கையில் வாங்கினார்.