பக்கம் புரட்டும் உத்தியோகம்

மனைவி தலையசைத்ததும் பல் டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டுவிட்டன.

மேடை நடுவில் பியானோவும் மனைவியும். சுற்றிலும் வயலின், செல்லோ, கிளாரினெட் என்று ஆறு பேர். முன்வரிசையில், பியானோவை முதன்மையாக வைத்து, கான்செர்ட்டோ என்ற இந்தப் புத்தம்புதிய இசைக்கோவையை எழுதிய இசையமைப்பாளர். இன்று நன்றாக அமைந்தால் அடுத்ததையும் டாக்டரின் மனைவிக்கே எழுதுவதாகச் சொல்லியிருந்தார்.

"பக்கத்துல உக்காந்து பக்கம் புரட்டுறீங்களா?" என்று மனைவி கேட்டபோது டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் தன் தொழிலில் அவரை நம்பியது இதுதான் முதல் தடவை. அவருக்கு இசைக்குறிப்பு சுத்தமாகத் தெரியாது. "நான் தலையாட்டினா புரட்டுங்க, போதும்" என்றிருந்தாள்.

அதிலும் கோட்டைவிட்டாயிற்று.

அவசரமாகத் திருப்பப் போனார். மொத்தத் தாள்களும் சரிந்து பெடலுக்கடியில் பரவின. அதே சமயம் கிளாரினெட், மரத்துப்போகும் ஊசி போடாமல் பல் பிடுங்கியதுபோல வீறிட்டது. வயலின்காரர் கம்பிகளைக் கரகரவென்று சுரண்டினார்.

போச்சு, என்னால் எல்லாருக்குமே தடம் தப்பிவிட்டது!

தவழ்ந்து போய்த் தாள்களைப் பொறுக்கி, கைக்கு வந்தபடி அடுக்கி வைத்தார். மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள். உடனே இரண்டு முழங்கைகளையும் ஓங்கிப் பியானோக் கட்டைகள்மேல் தடாலென்று போட்டாள்.

"கோவிச்சுக்காதம்மா" என்று கெஞ்சினார்.

"பேசாம இருங்க."

தாள்கள் தலைகீழாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நிமிர்த்துவதற்குள் அவள் எழுந்து, திறந்திருந்த பியானோவுக்குள் கையைவிட்டுத் துழாவினாள். கம்பிகள் டொய்ங் டொய்ங் என்றன. ஐயோ, ஒரு தாள் உள்ளே விழுந்துவிட்டதா? பெண்டாட்டி தனியாகத் தேடுவதை எத்தனை நேரம் வேடிக்கை பார்ப்பது? அவரும் எழுந்து, மொபைல் டார்ச்சைப் போட்டு, உள்ளே தலையைவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"நானும் தேடுறேன். எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"உக்காருங்க!"

உட்கார்ந்தார். சட்டென்று எல்லா வாத்தியங்களும் நின்றுபோயின. அரங்கில் ஒரு சத்தமில்லை. பிறகு கைதட்டல் எழுந்தது. பாவம் பார்த்துத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, டாக்டர் முகத்தை மூடிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினார்.

செல்லோ வாசித்த பெண் அங்கே வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"அவ பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேம்மா."

"யாரு சொன்னா? அடுத்ததும் அக்காவுக்குத்தான்னு இசையமைப்பாளர் இப்பதான் சொல்லிட்டுப் போறாரு."

"அத்தனை பேரும் தப்பா வாசிச்சீங்களே?"

"எழுதினபடிதான் சார் வாசிச்சோம். இது நவீன இசை, முழங்கையால அடிக்கிறது, உள்ள கம்பியை மீட்டுறது எல்லாமே எழுதினதுதான்."

"தாளெல்லாம் மாறிப்போச்சே! என்னை நம்பித்தானே பக்கத்துல உக்கார வெச்சா?"

அந்தப் பெண் செல்லோவை உறையில் போட்டு மூடினாள்.

"அக்காவுக்கு மொத்தமும் மனப்பாடம் சார். போன தடவை மாதிரி நீங்க கீழ முன்வரிசையில உக்காந்து குறட்டை விடக் கூடாதுன்னுதான் மேடையில உக்கார வெச்சாங்க!"