வரதன் அண்ணையின் எக்கியம்

பக்கத்து வீட்டுக்காரரிடம் நல்ல பெயர் வாங்க ஒருவன் கிளம்பினால், அவனை அறைக்குள் பூட்டி வைப்பது எல்லோருக்கும் நல்லது. என்னை யாரும் பூட்டவில்லை.

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் சமையலறையைப் பின்பக்கமாகப் பெருப்பிக்க மனைவி சுமதிக்கு ஆசை. அதற்குப் பக்கத்து வீட்டு வரதன் அண்ணை சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவரோ மகளைப் பார்க்கக் கனடா போகிறார். தோட்டத்தைக் கவனிக்க ஆள் தேவை. நான் முந்திக்கொண்டேன்.

தோட்டம் என்றால் ஒரே ஒரு செடிதான். எக்கியம். என்னைப்போல் இரண்டு ஆள் உயரம் (நான் கொஞ்சம் குள்ளம்தான்), உடம்பு முழுக்க நீலப் பூ.

“தம்பி, இது கனேரித் தீவுகளிலை மட்டும்தான் தானா முளைக்கிறது. விதை போட்டு மூண்டு வருசம் காத்திருந்தனான். ஒருக்கால்தான் பூக்கும், பிறகு பட்டுப்போகும். கவனம்.”

“நீங்கள் யோசிக்காமல் போயிட்டு வாங்கோ அண்ணை.”

அவர் போன மறுநாளே காற்று கிளம்பியது. செடி தேர்போல ஆடியது. உடுப்புக் காயப்போடும் கயிற்றை எடுத்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகை வேலியோடு அதை இறுக்கிக் கட்டினேன். (நான் பொறியியல் படித்தவன். மென்பொருள் பொறியியல்.) அப்படியும் மனம் கேட்காமல் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இலையின் சுணை கழுத்தெல்லாம் குத்தியது. சொறியக் கை இல்லை.

அந்த நேரம் பார்த்து வரதன் அண்ணை வீடியோவில் அழைத்தார். சுமதி ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“இஞ்சாருங்கோ, அண்ணை பூவைப் பாக்கவேணுமாம்!”

“பிறகு எடுக்கச் சொல்லும்!”

“இந்தா, பாத்துக்கொண்டு நிக்கிறார்!”

திரையில் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று கனடாவே கூடியிருந்தது. நான் சிரித்தேன். முதுகுக்குப் பின்னால் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். வேலி சரிந்தது. கயிற்றை நன்றாகக் கட்டியிருந்ததால் செடியும் முறிந்து கூடவே போனது. பிடி நன்றாக இருந்ததால் நானும் போனேன்.

பூக்களுக்குள் கிடந்தபடி காத்திருந்தேன். அழைப்பு அறுந்துவிட்டதோ என்று ஒரு நப்பாசை.

“தம்பி, உமக்கு அடிகிடி படேல்லையே?”

“இல்லை அண்ணை.”

“பூவுக்கு?”

வாய்க்குள் போயிருந்த ஒரு நீலப் பூவைத் துப்பினேன்.

அவர் திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். சுமதி மெதுவாக வீட்டு வரைபடத்தை நீட்டினாள். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு பேனையால் என்னைக் காட்டிச் சுமதியிடம் கேட்டார்.

“இதையும் இவர்தானோ கட்டப்போறார்?”

இல்லை, வேறு ஆட்கள் என்று சுமதி சத்தியம் செய்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

சமையலறை எழும்பி வருடங்களாகிவிட்டன. இன்றைக்கும் நான் சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்தால் போதும், எங்கள் மகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

“அப்பா, இதையும் நீங்கள்தானோ கட்டப்போறியள்?”